மூன்று பாடம், ஒரே மாடு

உடலியங்கியல், ஆய்வு எழுத்து, கால்நடை நலம் என்று மூன்று பாடமும் நடத்தும் வேலை ஒரே பருவத்தில் என் தலையில் விழுந்தபோது, மூன்று நோட்டு போட்டுத் தனித்தனியாகத் தயாரித்தேன். வீண் வேலை. இப்போது மூன்றையும் ஒரே மாட்டிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் வகுப்பில் ஸ்லைடு வேண்டாம். மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் குழியில் முஷ்டியை அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். ரூமன், அதாவது மாட்டின் பெரிய முதல் இரைப்பை, மெல்லப் பொங்கி வந்து கையைத் தள்ளும், அப்புறம் அடங்கும். நலமான மாட்டில் 2 நிமிடத்துக்குச் சுமார் 3 முறை. எண்ணியதும் வாய் திறக்காமல் எழுதிவிட வேண்டும். இது முக்கியம். முதல் வருஷம் ஒருவரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். "மூணு" என்றார். அதன் பிறகு வகுப்பு முழுக்க மூணுதான்! இப்போது தாள்களில் 2, 3, 4 எல்லாம் வருகின்றன. ஏன் வருகின்றன என்று பேசுவதே அன்றைய பாடம்.

எழுத்து வகுப்பில் முழுக் கட்டுரை கேட்காதீர்கள். 'எப்படி அளந்தோம்' என்று ஒரு பத்தி போதும். "வெப்பநிலை அளக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளை இன்னொருவரிடம் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு மாணவி தெர்மாமீட்டரை மலக்குடலில் இருந்த சாணத்துக்குள் செருகி 37.4 டிகிரி என்றார். பத்தியை எழுதியவருக்குக் கிடைத்திருந்தது 38.6. முனை குடல் சுவரைத் தொட வேண்டும் என்று தாளில் இல்லையே! எழுதியவரே தாளைப் பிடுங்கித் திருத்தினார். நான் பத்து இடத்தில் சிவப்பு மையால் சுழித்திருந்தாலும் அது நடந்திருக்காது.

அதே வாரம், ரத்த அழுத்தத்தை முதலில் அளந்த ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸைக் கொண்டுவருவேன். 1733-இல் வந்த நூலில், ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் குழாய் பொருத்தியபோது, இதயத்தின் இடது கீழறை மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ரத்தம் ஏறியதாக எழுதியிருக்கிறார். எந்த மட்டத்திலிருந்து அளந்தார் என்பது இருப்பதால்தான் மாணவர்களால் இன்றும் கணக்குப் போட முடிகிறது. ரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்துக்கு 13.6, விடை சுமார் 196 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அமைதியாக நிற்கும் குதிரைக்கு இது ரொம்ப அதிகம் என்று யாராவது சொல்வார்கள். மறுபடி படிக்கச் சொல்லுங்கள்: குதிரையை உயிரோடு மல்லாக்கக் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். விலங்கை வதைக்கக் கூடாது என்பது பற்றித் தனியாக ஒரு விரிவுரை எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மூன்றாவதான கால்நடை நலப் பாடத்துக்கு வருவோம். நோயின் பெயரை முதலில் சொல்லாதீர்கள். கன்று ஈன்ற மறுநாள் மாடு எழவில்லை, காது சில்லென்று இருக்கிறது, கழுத்தை மடக்கி விலாமேல் வைத்திருக்கிறது, ரூமன் 2 நிமிடத்தில் ஒருமுறைகூட அசையவில்லை, வெப்பம் 37.5. எந்த ஒன்று குறைந்தால் இவ்வளவும் நடக்கும்? மடி பாலுக்காக இழுத்துக்கொண்ட கால்சியம். 'பால் காய்ச்சல்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் காய்ச்சலைத் தேடுவார்கள், காய்ச்சலே இல்லாத நோயில்!

தேர்வில் நான் கேட்பது ஒரு கேள்விதான்: சிரை வழியாகக் கால்சியம் ஏற்றும்போது ஸ்டெதாஸ்கோப் ஏன் இதயத்தின்மேலேயே இருக்க வேண்டும்?