ஐந்தாம் வருடம் செகண்ட் ஷை இல்லை: பிள்ளை ‘விக்டரி லாப்’ கேட்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

தை மாதக் கடைசியில் என் ரியூசன் மேசைக்கு இரண்டு வகையான பிள்ளைகள் வருவார்கள். ஒரு வகை, பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, “எப்படியாவது நாலு புள்ளி கூட்டித் தாங்கோ” என்று கேட்கும். மற்ற வகை கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக, “சேர், நான் விக்டரி லாப் அடிக்கப் போறன்” என்று சொல்லும். ஒருமுறை அப்படிச் சொன்ன பொடியனுக்குப் பின்னால் அவனுடைய அம்மாவும் நின்றார். குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“சேர், அப்ப இவன் பெயிலோ?”

பெயில் இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி 9ஆம் தரம் தொடங்கி 12ஆம் தரம் வரை நாலு வருடம். அதற்குள் 30 கிரெடிட் எடுத்து, மற்றத் தேவைகளையும் முடித்தால் டிப்ளோமா. அதற்குப் பிறகும் ஒரு செமெஸ்ரரோ (அரை வருடம்) ஒரு வருடமோ அதே பள்ளிக்கூடத்தில் இருந்து படிப்பதைத்தான் பிள்ளைகள் விக்டரி லாப் என்கிறார்கள். 2003 வரை இங்கே ஓஏசி என்று ஐந்தாவது வருடமே இருந்தது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் படித்த எங்கள் பிள்ளைகள் கம்பஸ் போகவேண்டுமென்றால் அந்தப் பாடங்களை எடுத்துத்தான் போனார்கள், அவர்களை ஒருவரும் பெயில் என்று சொன்னதில்லை. வருடம் போனது, வழக்கம் போகவில்லை.

நான் அந்த அம்மாவிடம், “அக்கா, நீங்கள் ஏஎல் எத்தனை தரம் எடுத்தனீங்கள்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “ரெண்டு தரம். செகண்ட் ஷையிலதான் கம்பஸ் கிடைச்சது.” இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் உயர்தரப் பரீட்சைதான் ஏஎல், அதை இரண்டாம் தரம் எழுதுவது செகண்ட் ஷை. ஊரில் செகண்ட் ஷை எடுத்ததற்காக யாரும் தலையைக் குனிந்ததில்லை. அதே ஆள் இங்கே வந்ததும் ‘சனம் என்ன சொல்லும்’ என்று பயப்படுகிறார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், செகண்ட் ஷை மாதிரித்தான் இதுவும் என்று நினைத்து, பிள்ளையை மறு பேச்சில்லாமல் ஒரு முழு வருடம் இருத்துகிற பெற்றோரும் இருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் கவலை கூட.

ஏனென்றால் இரண்டும் ஒன்றல்ல. ஏஎல்லில் மறுபடி இருந்தால் பாடங்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுதவேண்டும். அந்தத் தடவை வந்த பெறுபேற்றில்தான் இசட் புள்ளி என்ற தரப்படுத்தல் புள்ளி, அதில்தான் அனுமதி. போன தடவை என்ன வந்தது என்று கேட்பதில்லை. ஒன்ராறியோவில் இது அப்படியே தலைகீழ். பழையது ஒன்றும் அழியாது, ஆனால் எல்லாவற்றையும் திருப்பி எடுக்கவும் தேவையில்லை. குறைகிற பாடத்தை மட்டும் எடுத்தால் போதும். இதை விளங்காமல் எடுக்கிற முடிவுகளால்தான் முக்கால்வாசிப் பிழையும் வருகிறது.

அழியாத கடதாசி

முதலில் அந்த அழியாத விசயம். 11ஆம், 12ஆம் தரப் பாடங்களுக்கு ‘முழு வெளிப்படுத்தல்’ என்றொரு விதி இருக்கிறது. செமெஸ்ரரின் நடுவில் முதல் ரிப்போர்ட் கார்ட் வரும். அது வந்து ஐந்து பாடசாலை நாட்களுக்குள் பாடத்தை விட்டுவிட்டால் ரான்ஸ்கிரிப்ற்றில் (எடுத்த பாடங்களும் புள்ளிகளும் பதிந்த பள்ளிக்கூடப் பதிவு) அதற்கு ஒரு தடயமும் இருக்காது. ஆறாம் நாள் விட்டால், விட்டதும் பதியும், விடும்போது இருந்த புள்ளியும் பதியும். முடித்த பாடத்தைத் திருப்பி எடுத்தால் இரண்டு புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கிரெடிட் மட்டும் ஒன்றுதான்.

அதனால், “61 வந்திருக்கு, பரவாயில்லை, அடுத்த வருசம் எடுத்து 90 ஆக்கலாம்” என்பது பாதிக் கணக்கு. பல பல்கலைக்கழகங்களில் கூடின புள்ளியையே எடுப்பார்கள். போட்டி கூடின சில துறைகளில் அப்படி இல்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்துப் பொறியியல், கட்டாயப் பாடங்களைத் திருப்பி எடுத்தவர்களின் சராசரியைக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கிறது, அதை மறைப்பதும் இல்லை. பிள்ளை எந்தத் துறைக்குப் போகப்போகிறதோ அந்தத் துறையின் பக்கத்தை வாசிக்காமல், ‘கம்பஸ்காரர் கூடினதைத்தான் பார்ப்பினமாம்’ என்று கோயில் வீதியில் கேட்டதை நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்கக் கூடாது. வாசித்தும் விளங்காவிட்டால் அனுமதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

விடவேண்டிய பாடத்தை விடாமல் கிடப்பதும் இதே பிழையின் இன்னொரு முகம். கார்த்திகையில் கல்குலஸில் 52 நிற்கிறது. பிள்ளை வீட்டில் சொல்லப் பயந்து இழுக்கிறது. அந்த ஐந்து நாட்களும் போய்விடுகின்றன. நடுவில் ரிப்போர்ட் கார்ட் வருகிற கிழமை பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது சாப்பிடப் போங்கள். பேச்சு தானாக வரும்.

கடித உறையின் பின்பக்கம்

அன்று அந்தப் பொடியனின் ரான்ஸ்கிரிப்ற்றை வாங்கிப் பார்த்தேன். மேசையில் கிடந்த ஒரு கடித உறையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் மூன்று கோடு கீறினேன். இருப்பது, குறைவது, கடைசித் திகதி.

பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாகப் பார்ப்பது 12ஆம் தரத்தில் ‘4யூ’, ‘4எம்’ என்று குறியீடு முடிகிற பாடங்களில் ஆறை. அதில் ஆங்கிலம் கட்டாயம், துறைக்கு ஏற்றபடி கணிதமும் விஞ்ஞானமும் சேரும். ‘4சி’ என்று முடிகிற பாடம் கொலிஜுக்கானது, இந்த ஆறில் சேராது. நம்பமாட்டீர்கள், 12ஆம் தரத்தின் பாதியில்தான் இதைக் கண்டுபிடிக்கிற வீடுகளும் இருக்கின்றன.

பொடியனுக்கு ஆசை பொறியியல். ஆங்கிலம் 78, அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் என்ற கணிதம் 82, இரசாயனம் 80, அப்போதுதான் முடிந்த முதல் செமெஸ்ரரில் கல்குலஸ் 61. பௌதிகம் 12ஆம் தரத்துக்கு எடுக்கவே இல்லை. இரண்டாம் செமெஸ்ரரில் என்ன பாடங்கள் என்று கேட்டேன்.

“மூண்டு பாடம் சேர். ஒரு ஸ்பெயர்.”

ஸ்பெயர் என்றால் பாடமில்லாத நேரம். பௌதிகம் குறைகிறது என்று அடுத்த வருடம் பள்ளிக்கூடம் வரப்போகிற பிள்ளை, நாளைக்கு மறுநாள் தொடங்கப்போகிற செமெஸ்ரரில் ஒவ்வொரு நாளும் எழுபத்தைந்து நிமிடத்தை ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் இருந்து கழிக்கப் போகிறது! அம்மா அவனைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அடுத்த நாள் காலையிலேயே, பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் ரீச்சரிடம் போனான். வகுப்பில் ஒரு இடம் இருந்தது, கிடைத்தது. இடம் இல்லாமலும் போயிருக்கலாம்.

பௌதிகம் இப்படித் தீர, மிச்சம் கல்குலஸ் ஒன்றுதான். அதற்கு ஒரு முழு வருடம் தேவையா? புரட்டாதி தொடங்கித் தை முடிய ஒரு செமெஸ்ரர் போதும். ‘ஒரு வருடம் இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்பதே பிழையான கேள்வி. எந்தப் பாடம், எங்கே, எந்தத் திகதிக்குள் என்று கேட்டால் பலருக்கு அது நாலு மாதமாகச் சுருங்கும், சிலருக்கு ஒரு கோடை காலமாக. ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலம், அவ்வளவுதான். அதைக் கல்விச் சபைகளின் கோடைப் பள்ளியிலும் இரவுப் பள்ளியிலும் இணையவழியிலும் எடுக்கலாம். ஆடி மாதத்தில் நாலு கிழமையில் ஒரு பாடத்தை முடிக்கலாம் என்பது உண்மை. கல்குலஸை அந்த வேகத்தில் விழுங்குவது கஷ்டம் என்பதும் உண்மை. 61 எடுத்த பிள்ளைக்கு அதை நான் சொல்லமாட்டேன். இன்னொன்று, அதே வருடம் புரட்டாதியில் சேர நினைப்பவருக்குக் கோடைப் புள்ளி பிந்திவிடலாம். ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்கவேண்டும்.

காசு கட்டிக் கிரெடிட் வாங்கும் தனியார் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பகல் பள்ளியில் 60 எடுத்த பிள்ளை அங்கே போய் 95 எடுத்தால், விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு அது கண்ணில் குத்தத்தான் செய்யும். ஏன் வெளியில் எடுத்தாய் என்று விளக்கம் கேட்கிற துறைகளும் உண்டு. அதைவிட, அந்த 95 உண்மையான 95 இல்லையென்றால் முதல் வருடக் கல்குலஸ் வகுப்பில் மார்கழியில் தெரிந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை பள்ளிக்கூடக் காசைவிடப் பல மடங்கு.

திரும்பி வந்த பிறகு

ஐந்தாம் வருடத்தை எடுத்தவர்களும் அதை வீணாக்குகிற விதம் ஒன்று உண்டு. முக்கியமான பாடத்தை இரண்டாம் செமெஸ்ரரில் போடுவது. விண்ணப்பம் தை நடுவில் போகிறது. கூடுதலான அனுமதிகள் சித்திரை, வைகாசியில் முடிவாகின்றன. மாசியில் தொடங்கிய பாடத்துக்கு அப்போது அரைவாசிப் புள்ளிதான் இருக்கும். முதல் செமெஸ்ரரில் எடுத்தால் முடிந்த புள்ளியாகவே போய்ச் சேரும். திரும்பி வருகிற பிள்ளைக்கு இருக்கிற ஒரே பெரிய அனுகூலம் இதுதான், மற்றவர்கள் பாதிப் புள்ளியோடு நிற்கும்போது இவரிடம் முழுப் புள்ளி இருக்கும். அதைக் கையால் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்த பாடம் கிடைப்பதும் இல்லை. 2013இலிருந்து 34 கிரெடிட்டுக்கு மேல் எடுக்கிற பிள்ளைகளுக்கு மாகாணம் கல்விச் சபைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துவிட்டது. பிள்ளை காசு கட்டத் தேவையில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கதிரையில் வருமானம் குறைவு. 12ஆம் தரப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்து மிஞ்சினால்தான் திரும்பி வருபவருக்கு என்று நடத்துகிற பள்ளிகளும் உண்டு. ஆவணி வரை பொறுத்திருந்துவிட்டுப் போய் நின்றால் கல்குலஸ் வகுப்பு நிரம்பியிருக்கும். மாசியில் பாடத் தெரிவு நடக்கும்போதே, திரும்பி வரக்கூடும் என்று கைடன்ஸுக்குச் சொல்லி வைப்பது நல்லது. வராமல் விட்டால் ஒன்றும் நட்டமில்லை.

நேரம் மிஞ்சும் என்பதும் ஒரு பொறி. என்னிடம் வந்த ஒரு பிள்ளை இரண்டே பாடத்துக்காக ஒரு முழு வருடம் திரும்பிப் போனார். சிநேகிதிகள் எல்லாம் மக்மாஸ்ரர், யோர்க் பல்கலைக்கழகங்களில். இவர் பத்தரைக்கு வீட்டுக்கு வந்து, மாலையில் கடை வேலைக்குப் போய், இரவில் அவர்களுடைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரியலில் முன்பைவிட மூன்று புள்ளி குறைந்தது. பாடம் அதே பாடம், முதல் தரம் ஏன் குறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நித்திரையா, போனா, அடிப்படை விளங்கவில்லையா, அல்லது அந்தப் பாடமே பிள்ளைக்கு விருப்பமில்லையா? காரணம் மாறாமல் காலம் மட்டும் மாறினால் புள்ளி மாறாது. மருத்துவத்தில் அம்மாவுக்குத்தான் ஆசை என்பது அந்தப் பிள்ளையின் விசயத்தில் பங்குனியில்தான் வெளியில் வந்தது.

வேறு கதவுகளும் இருக்கின்றன. கொலிஜுகள் பலவற்றில் தையிலும் வகுப்புத் தொடங்கும், அங்கிருந்து கிரெடிட்டோடு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிற வழிகளும் உண்டு. எங்கள் சனத்துக்குக் கொலிஜ் என்றால் முகம் சுருங்கும். மின்சார வேலை பழகிச் சொந்தமாக வான் வைத்திருக்கிற பொடியனைக் கலியாண வீட்டில் கண்டால் மட்டும் விரியும்.

பதினாறு வயதில் வந்து இறங்கிய பிள்ளை

இவ்வளவும் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பதினாறு, பதினேழு வயதில் வந்தவர்களின் கணக்கு வேறு. ஊரில் படித்ததற்குப் பள்ளிக்கூடம் சமமான கிரெடிட் கொடுக்கும், ஆனால் ஆங்கிலம் படிப்படியாகத்தான் ஏறும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் ஈஎஸ்எல் பாடங்களில் மூன்று வரை கட்டாய ஆங்கில கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், நாலாவது 12ஆம் தரத்து ஆங்கிலமாக இருக்கவேண்டும். அதை அவசரப்படுத்தி, வயதைப் பார்த்து ‘கெதியா முடி’ என்று தள்ளுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. 21 வயது வரை பகல் பள்ளியில் படிக்க இடமிருக்கிறது. இவர்களுக்கு ஐந்தாம் வருடத்தைப் பிந்தல் என்று நான் சொல்லவே மாட்டேன். ஊரிலிருந்து கணிதத்தில் கெட்டிக்காரனாக வந்து, ஆங்கிலத்துக்கு ஒரு வருடம் கொடுக்காததால் விரும்பிய துறையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன விசயம். 30 கிரெடிட் இருந்தும் டிப்ளோமா வராமல் நின்ற ஒரு பிள்ளையைக் கண்டேன். 40 மணித்தியாலத் தொண்டு வேலையில் 11 குறைந்தது. செய்யாமல் இல்லை. கோயில் மடைப்பள்ளியில் மூன்று வருடம் சனிக்கிழமைகளில் மரக்கறி வெட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம் அதை ஏற்குமா என்று முதலே கேட்கவும் இல்லை, படிவத்தில் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கவும் இல்லை. ஆனி மாதம் அந்தப் படிவத்தோடு தகப்பன் கோயில் நிர்வாகத்தைத் தேடி அலைந்தார். செயலாளர் ஊருக்குப் போயிருந்தார்.