வெள்ளி இரவு அடுப்பு, சனி காலை காடு

வெளிநாட்டுக்கு வந்த முதல் வருடம் எனக்கு வார இறுதிதான் பாரமாக இருந்தது. வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனிக்கிழமை கண் விழித்தால் பேச ஆள் இல்லை, போக இடம் தெரியாது, ஒருத்திக்காகச் சமைக்க மனசும் வராது. மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்த்தேன், எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. வெள்ளி இரவு இருவருக்குச் சமைப்பேன். சனி காலை அதைக் கட்டிக்கொண்டு, யாரையாவது கூட்டிக்கொண்டு நடக்கப் போவேன். ஏழு வருடமாக இப்படித்தான்.

முதலில் ஆளைப் பிடிப்பது. கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் உதவியது. அறிமுகமானவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமாவது சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்கிறார். வேலையிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நேரம் அந்த அளவுக்குப் பலன் தருவதில்லையாம். இதைப் படித்தபோது பெரிய ஆறுதல். என்னிடம் குறை எதுவும் இல்லை, மணிக்கணக்குதான் போதவில்லை! ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். போக வர பயணத்தையும் சேர்த்தால் ஒரு நடைக்கு ஆறு மணி நேரம். ஒன்பது சனிக்கிழமையில் அந்த 50 வந்துவிடும்.

நடையில் இன்னொரு வசதி உண்டு. முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு நின்றதும் சங்கடமாகிவிடும். பக்கத்தில் நடக்கும்போது மௌனம் யாருக்கும் உறுத்தாது. நான் முதலில் கூட்டிப்போனது மொழி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரியை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது முந்நூறு சொல் இருக்கலாம். பாலம், ஈரம், பறவை, வழுக்கும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தோம். எனக்குத் தெரியாத சொல்லை அவள் சொன்னாள், அவளுக்குத் தெரியாததை நான். மாலையில் ரயில் ஏறும்போது தன் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

அழைக்கும்போது "ஒருநாள் போகலாமா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒருநாள் வரவே வராது. "வருகிற சனி காலை ஒன்பது மணி ரயில், மூன்று மணி நேர நடை, சாப்பாடு நான் கொண்டுவருகிறேன், வருகிறீர்களா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த மாதம் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு முறை கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பாதையைத் தேர்ந்தெடுக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நல்ல நடைக்காரர்களுக்கான கணக்கு அது. பேசிக்கொண்டு, நின்று படம் எடுத்துக்கொண்டு போகிற நமக்கு அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. இரண்டாவது வருடம், இலையுதிர் காலம். கோடையில் நடந்த அதே பாதைதானே என்று மதியம் கிளம்பினோம். கோடையில் வெளிச்சம் இருந்த நேரத்தில் இப்போது கும்மிருட்டு. கைபேசி விளக்கில் இறங்கினோம், குளிரில் அதன் பேட்டரி மளமளவென்று தீர்ந்தது. கடைசி இருபது நிமிடம் தோழி என் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து அன்றைய அஸ்தமன நேரத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடும்படி திட்டமிடுகிறேன். தலைவிளக்கு பையிலேயே கிடக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், அதனால் மேல்சட்டையும் கட்டாயம். உடம்போடு ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்க வேண்டாம். வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிர் ஏறிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காட்டில் காளான் பறிக்காதீர்கள். டெத் கேப் என்ற கொடிய காளான், ஆசியாவில் பலர் சாப்பிடும் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். தெரிந்த காளான்தானே என்று நம்பிச் சாப்பிட்டுப் புலம்பெயர்ந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் நஞ்சு போகாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும், அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்திருக்கும்.

அப்புறம், சமையல். வாடகை வீட்டு அடுப்பு என்ன வகை என்று பார்த்த பிறகே பாத்திரம் வாங்குங்கள். இண்டக்‌ஷன் என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. இருப்பது உயரமான ஊர் என்றால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைவதால் பருப்பு வேக நேரம் பிடிக்கும். அங்கே பிரஷர் குக்கர்தான் துணை. சிவப்பு ராஜ்மாவை மட்டும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போட்டால் அதன் நஞ்சு அழியாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

சாதம் கட்டுவதாக இருந்தால், வெள்ளி இரவு வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். வெளியிலேயே கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கச் சூடாக்கியதை உள்ளே போட்டால் மதியம் மூடியைத் திறக்கும்போதும் ஆவி வரும். கூட வருகிறவர் எதைச் சாப்பிட மாட்டார், எது ஒத்துக்கொள்ளாது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கேட்டதே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கரண்டி இரண்டு எடுத்துவையுங்கள். திரும்பும் ரயிலில், காலில் சேறு காய்வதற்குள், அடுத்த நடைக்குத் தேதி குறித்துவிடுங்கள். அடுத்த முறை யார் சமைப்பது என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.