சந்தைப்படுத்தல் துறையின் முதல் ஆண்டுகள்: தோட்டப் பட்டணத்து மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளில் சந்தைப்படுத்தல் பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தச் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்கும்? இத்துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கூகுளும், சந்தைப்படுத்தல் மென்பொருள் நிறுவனமான ஹப்ஸ்பாட்டும் இலவசமாகவே பாடம் நடத்திச் சான்றிதழ் தருகின்றன. அவற்றைப் படிப்பது நல்லதுதான். ஆனால், நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் அதே சான்றிதழை உங்களுக்கு முன் வந்தவரிடமும் பார்த்திருப்பார். அவர் தேடுவது, ஏதேனும் ஒரு கடைக்காகவோ ஒரு பொருளுக்காகவோ நீங்கள் செய்துகாட்டிய வேலையை.

அந்த வேலையைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் கடைத்தெருவில் உள்ள ஒரு மளிகைக் கடையையோ தையல் கடையையோ கூகுள் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் கடை, ஆறு மணிக்கே மூடிவிடும் என்று அதில் இருக்கக்கூடும். தொலைபேசி எண் பழையதாகவும், படம் யாரோ வழிப்போக்கர் எடுத்ததாகவும் இருக்கக்கூடும். கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கட்டணமின்றித் தம் பெயரில் உறுதிசெய்துகொள்ளலாம். அவருடைய அனுமதியோடு நேரத்தையும் எண்ணையும் திருத்தி, நல்ல படங்களைச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் கடைக்கு வரும் வழியைத் தேடினார்கள் என்பதைக் கூகுளே கணக்குக் காட்டும். அதை மாதாமாதம் குறித்துவைத்து, என்ன செய்தோம், என்ன மாறியது, எது மாறவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால், பத்துச் சான்றிதழ்களை விட அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

அந்தக் கடையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மாலைப் பொழுது நின்று, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கையிலெடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்களில் பெரும்பகுதி தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) நகரங்களுக்கும் போய்விட்டது. இன்று செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் மிகுதி. ஆகையால், தமிழ்க் கடையின் வாடிக்கையாளர் தமிழர் மட்டுமே என்று எண்ணி விளம்பரம் எழுதினால் பாதிச் சந்தை கைநழுவிப் போகும். "அக்கா, சம்பளம் போட்ட வாரத்தில் அதிகமாகப் போவது எது?" என்று கடைக்காரரைக் கேட்டால் கிடைக்கும் பதில் எந்தப் பாடநூலிலும் இருக்காது. இதையெல்லாம் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த நம் மாணவர்கள், கோலாலம்பூர் அலுவலகத்தில் காலடி வைத்ததும் தோட்டத்துப் பிள்ளை என்பதை மறைத்துக்கொண்டு வாய்மூடி அமர்ந்துவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். மிகுதி விலைக்கு வாங்கியும் நிறுவனங்களுக்குக் கிடைக்காத அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதில் கூச்சத்துக்கு இடமே இல்லை.

அடுத்த தவறு, விருப்பக் குறிகளை (லைக்குகளை) விற்பனை என்று நம்புவது. தீபாவளிக்கு முறுக்கு விற்கும் ஒரு குடும்பத்துக்கு நீங்கள் முகநூல் விளம்பரம் செய்து கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டின்னின் விலை 25 ரிங்கிட், அடக்கச் செலவு 17 ரிங்கிட், ஆகவே ஒரு டின்னில் நிற்பது 8 ரிங்கிட். விளம்பரத்துக்கு 300 ரிங்கிட் செலவாகிறது; ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள், நூற்றுக்கணக்கில் விருப்பக் குறிகள் விழுகின்றன, 30 பேர் ஆளுக்கொரு டின் வாங்குகிறார்கள். அனைவரும் கைதட்டுவார்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர 10 ரிங்கிட் செலவாகியிருக்கிறது, வரவோ 8 ரிங்கிட். மொத்தத்தில் 60 ரிங்கிட் நட்டம். அந்த 30 பேரில் 15 பேர் விளம்பரம் இல்லாமலேயே திரும்பி வந்து இன்னொரு டின் வாங்கினால் 120 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்து, அதே வேலை 60 ரிங்கிட் இலாபமாக மாறும். எனவே முதல் விற்பனையோடு நின்றுவிடாமல், வாங்கியவர் மீண்டும் வந்தாரா என்று பார்க்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வர வேண்டும். விற்பனைக் கணக்கைக் கேட்டுப் பெறாமல் அறிக்கை எழுதக் கூடாது.

மலேசிய இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர், நாட்டுக் குடிமக்களில் ஏறக்குறைய 6.5 விழுக்காடு. பல நிறுவனங்களுக்கு இந்தச் சந்தை தீபாவளி நெருங்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது அலுவலகத்தில் இருக்கும் இளம் தமிழ் ஊழியரிடம் மலாய் விளம்பரத்தைக் கொடுத்து, நாளைக்குள் தமிழில் வேண்டும் என்பார்கள். எழுதிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடுவது பெரிய தவறு. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நின்று, "பொங்கல்" என்ற சொல்லின் முதலெழுத்தே சிதைந்துவிடும். அப்படி அச்சான பதாகைகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வடிவமைப்பாளரின் அருகில் அமர்ந்து எழுத்தமைப்பைச் சரிபார்த்து, எழுத்துகளை அவுட்லைனாக (இனி மாறாத வரைவடிவமாக) மாற்றிய பிறகு ஒரு முறையும், அச்சகத்திலிருந்து மாதிரி வந்ததும் இன்னொரு முறையும் வாசித்துப் பாருங்கள். அந்தப் பதாகையைக் கண்டு முகம் சுளிக்கப் போவது நம் வீட்டுப் பெரியவர்கள்தான் என்பதால், இதில் மேலதிகாரி கேட்காவிட்டாலும் நாமாக முன்வந்து பொறுப்பேற்க வேண்டும்.

சட்டம் மேலிடத்தின் கவலை என்று நினைப்பதும் ஆபத்தானது. மூலிகைப் பொருள், ஊட்டச்சத்துப் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களில் பலருக்கு முதல் வேலை அமைகிறது. "நீரிழிவைக் குணமாக்கும்" என்று எழுதித் தரும்படி முதலாளி கேட்டால், மறுக்கும் துணிவு வேண்டும். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் ஒரு பாட்டியை நினைத்துப் பார்த்தால், சட்டம் இல்லாவிட்டாலும் அந்த வரியை எழுதக் கை வராது. அதேபோல், கோயில் திருவிழாவில் பரிசுக் குலுக்கலுக்கென்று வாங்கிய தொலைபேசி எண்களை உரியவர்களைக் கேளாமலே வாட்ஸ்அப் விற்பனைக் குழுவில் சேர்ப்பதும், வேலை மாறும்போது பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்வதும் சிறிய விஷயங்கள் அல்ல. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. விளம்பரச் செய்தி அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் உரிமையை அது வாடிக்கையாளருக்குத் தருகிறது.

புரியாததைக் கேட்காமல் தலையாட்டுவது, முடிவானதை மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்யாமல் விடுவது ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் மரியாதையாகக் கேட்கும் கேள்வி எதிர்ப்பாகாது.

கடைசியாக, வேலையின் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மார்க்கெட்டிங் எக்ஸெகியூட்டிவ்" என்ற பெயரில் வரும் விளம்பரங்களில் சில, வீடு வீடாகப் போய் விற்கும் கமிஷன் வேலைகள். அந்த வேலையிலும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு, ஆனால் தெரிந்து சேர வேண்டும். மாதச் சம்பளம் எவ்வளவு, நீங்கள் ஊழியரா அல்லது முகவரா, இபிஎப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டா, பெட்ரோல் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஊழியர் என்றால், 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி இபிஎப்பில் 13 விழுக்காடு செலுத்த வேண்டும், ஊழியரின் பங்கு 11 விழுக்காடு. சேருவதற்கு முன் பணம் கட்டச் சொன்னாலோ, ஆள் சேர்ப்பதற்கே வருமானம் என்றாலோ, 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டத்தின்படி அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று உள்நாட்டு வாணிப அமைச்சிடம் விசாரியுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும் வரை, பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனைக் காட்டி வீட்டில் அவசரப்படுத்தினாலும், கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.