ஒரு பானைக் கடலை, மூன்று வேளை உணவு

குறைந்த செலவில் வீட்டிலேயே சமைத்து உண்ண வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் மலிவான செய்முறைகளைத் தேடிப் போகிறார்கள். நான் பார்த்தவரையில் செலவு ஏறுவது செய்முறையால் அன்று. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகப் பொருள் வாங்குவதும், அதில் பாதியைப் பயன்படுத்திவிட்டு மீதியை வாடவிடுவதும், அலுப்பு மிகுந்த மாலையில் சமையலையே கைவிட்டு வெளியே வாங்கி உண்பதுமே பணத்தைக் கரைக்கின்றன. இதற்கு நான் கண்ட வழி, நேரம் பிடிக்கும் ஒரு பொருளை ஒரே நாளில் மொத்தமாக வேகவைத்து வைத்துக்கொண்டு, அதை வெவ்வேறு உணவாக மாற்றுவதாகும். இங்கே கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்கிறேன். அத்துடன் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், முட்டை, அரிசி ஆகியவை இருந்தால் இரண்டு பேருக்கு மூன்று வேளை உணவு தயாராகிவிடும்.

400 கிராம் உலர்ந்த கடலையைக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலர் நம்புகிறார்கள்; ஊறவைக்கும் நீரைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. கடலையின் தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பிலுள்ள சோடியம் ஓரளவு பிடித்துக்கொள்வதால், தோல் மிருதுவாகி உள்ளே இருப்பது ஒரே சீராக வேகும். மறுநாள் அந்த நீரை வடித்துவிட்டு, கடலைக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்குமாறு புதிய நீர் ஊற்றி, நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து வேகவிட வேண்டும். திறந்த பானையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். பிரஷர் குக்கரில் அதில் பாதி நேரம்கூட ஆகாது, எரிபொருளும் மிச்சமாகும். வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஐந்தாறு கடலைகளை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். அனைத்தும் எதிர்ப்பின்றி நசுங்கினால்தான் வெந்தது என்று பொருள். ஒன்று மட்டும் நசுங்கி மற்றவை நசுங்காவிட்டால் இன்னும் கால் மணி நேரம் அடுப்பில் இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருமுறை அவசரத்தில் நான் தக்காளியையும் கடலையையும் தொடக்கத்திலேயே ஒன்றாகப் போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் குழம்பு வற்றியதே தவிர, கடலை சரளைக்கல் போலப் பல்லில் கடிபட்டது. செல் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பயறு மென்மையாகும். புளிப்பு அதைக் கரையவிடாது. ஆகவே தக்காளி, எலுமிச்சை, புளி, தயிர் எதுவாயினும் கடலை முழுமையாக வெந்த பின்னரே சேர வேண்டும். உங்கள் தண்ணீர் கடினநீராக இருந்தாலோ கடலை பழையதாக இருந்தாலோ வேகுவதற்கு அடம்பிடிக்கும். அப்போது கால் தேக்கரண்டி சமையல் சோடா போதும். அதற்கு மேல் போட்டால் சோப்புச் சுவை வந்துவிடும்.

400 கிராம் உலர்ந்த கடலை வெந்தபின் ஏறத்தாழ 900 கிராம் ஆகும். டப்பாவில் அடைத்து விற்கும் கடலை 400 கிராம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், நீரை வடித்தால் 240 கிராம் அளவுக்கே மிஞ்சும். அந்தக் கணக்கில் ஒரு பானைக் கடலை ஏறக்குறைய நான்கு டப்பாக்களுக்குச் சமம். வெந்த நீரை ஒருபோதும் கொட்டிவிடாதீர்கள். கரைந்த மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த அந்த நீர்தான் அடுத்த உணவின் அடித்தளம்.

முதல் வேளைக்குக் கடலைச் சாறு. அதாவது, கெட்டியான சூப். இதில் உண்மையான வேலை வெங்காயத்தில்தான் இருக்கிறது. இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சிட்டிகை உப்புடன் சேர்த்து, நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில் வதக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் வெங்காயம் நீர்விட்டுச் சலசலக்கும்; அந்த நீர் இருக்கும்வரை நிறம் மாறாது. நீர் வற்றியதும் ஓசை மாறிச் சன்னமான பொரிதலாகும், விளிம்புகள் பொன்னிறமாகும், பாத்திரத்தின் அடியில் பழுப்புப் படலம் ஒட்டத் தொடங்கும். பலர் பொறுமையிழந்து தீயைக் கூட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கூட்டினால் விளிம்பு கருகி நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். ஒட்டிய படலத்தின் மீது ஒரு கரண்டி கடலை நீரைத் தெளித்துச் சுரண்டிவிட்டால், அந்தப் பழுப்பு முழுவதும் வெங்காயத்திலேயே ஏறிக்கொள்ளும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், 20 நிமிடத்தில் எலும்புச் சாறு சேர்க்காமலேயே அந்த ஆழமான சுவை வந்துவிடும். பிறகு நசுக்கிய நான்கு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், பொடியாக நறுக்கிய மூன்று தக்காளி ஆகியவற்றை வரிசையாகச் சேர்த்து, தக்காளி குழைந்து எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். மொத்தக் கடலையில் மூன்றில் ஒரு பங்கையும், வெந்த நீரில் மூன்று குவளையையும் ஊற்றி, பத்து நிமிடம் கொதித்ததும், ஒரு கைப்பிடி கடலையைக் கரண்டியின் பின்புறத்தால் பானையின் ஓரத்தில் நசுக்கிவிட்டால் சாறு தானே கெட்டிப்படும். வீட்டில் ஏதேனும் கீரை இருந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்க்கலாம். சுவைத்துப் பார்த்து ஏதோ குறைகிறது என்று தோன்றினால், மேலும் உப்பிடுவதற்கு முன் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைவது உப்பன்று, புளிப்பே.

இதைச் சோற்றுடனோ ரொட்டியுடனோ உண்ணலாம். அந்தச் சேர்க்கை வயிற்றை நிரப்புவதோடு நிற்பதில்லை. தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பயறுகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. விலை கூடிய புரத உணவு இல்லாமலேயே வாரத்தை ஓட்ட முடிவது இதனால்தான்.

இரண்டாம் வேளைக்கு வறுத்த சோறு. இதற்கு முந்தைய நாள் வடித்த சோறே சிறந்தது. ஆறிக் குளிரும்போது மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் சோற்றை இரவு முழுவதும் அடுப்படியில் விட்டுவைத்தல் ஆகாது. வேகும்போது சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நச்சை உண்டாக்கலாம். அந்த நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிடுங்கள். கடலையை ஈரம் போகத் துடைத்து, நல்ல தீயில், அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு, வெடித்து மொறுமொறுப்பாகும்வரை வறுத்துத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வாணலியில் மெல்லிய கீற்றுகளாக அரிந்த முட்டைக்கோஸைப் போட்டு, இரண்டே நிமிடம் புரட்டினால் போதும். நெடுநேரம் வேகவிட்டால் கந்தகச் சேர்மங்கள் பெருகி, பலருக்கு முட்டைக்கோஸ் மீது வெறுப்பை உண்டாக்கும் அந்த வாடை வந்துவிடும். நடுத்தண்டை வீசிவிடாமல் பொடியாக நறுக்கி முதலிலேயே போட்டால், அது இலையைவிட இனிப்பாக இருக்கும். பின்னர் உதிர்த்த சோற்றைச் சேர்த்து, ஆவி பறக்குமளவு சூடேறியதும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறி, மிளகுத்தூளும் வறுத்த கடலையும் தூவி இறக்கலாம்.

மூன்றாம் வேளைக்கு மீதமுள்ள கடலையையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து வடை போலத் தட்டிச் சுடலாம். கால் கிலோ உருளைக்கிழங்கைத் துண்டுகளாக்கிக் குளிர்ந்த நீரிலிருந்தே வேகவையுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்த பிறகும் உட்புறம் வேகாது. நீரை வடித்ததும் அதே சூடான பாத்திரத்தில் ஒரு நிமிடம் குலுக்கி ஈரத்தை விரட்டுவது முக்கியம், ஏனெனில் தட்டிய மாவு உடைந்துபோவதற்கு ஈரமே முதற்காரணம். கடலையைக் கூழாக அரைக்காமல் பாதி நசுங்கியும் பாதி முழுதுமாக விட்டு, கிழங்கு, நறுக்கிய வெங்காயம், சீரகம், உப்பு ஆகியவற்றுடன் பிசைந்து, உள்ளங்கை அளவில் தட்டி, அரை மணி நேரம் குளிரவைத்த பிறகு, சிறிதளவு எண்ணெயில் இருபுறமும் சிவக்கச் சுட வேண்டும். அப்போதும் உடைந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவோ காய்ந்த ரொட்டியின் தூளோ சேர்த்தால் சரியாகும். அடிக்கடி திருப்பாதீர்கள்; அடிப்புறம் சிவந்ததும் வடை தானாகவே கல்லை விட்டு நகரும்.

கொண்டைக்கடலை அலுத்துவிட்டால் காராமணி, பச்சைப்பயறு என்று எதை வைத்தும் இதே முறையைப் பின்பற்றலாம். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் புரதம் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். மென்சூட்டில் மட்டும் வேகவைக்கும் மின்சாரப் பானைகளில் நேரடியாகப் போடக் கூடாது.

வெந்த கடலை அதன் நீரோடு குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குள் மூன்று வேளையும் முடியாது என்று தெரிந்தால், ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, நீர் மூடியிருக்குமாறு டப்பாவில் நிரப்பி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு உறைபெட்டியில் வையுங்கள். நீர் உறையும்போது விரிவதால், இடம் விடாத டப்பாக்கள் மூடியைத் தள்ளித் திறந்துகொள்ளும்.