ஊர் வரைபடம் ராணுவத்தின் கைக்குப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கிராம மக்களோடு சேர்ந்து வரைபடம் தயாரிக்கப் போகும் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் எந்த ஜிபிஎஸ் கருவி வாங்கலாம் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். பதிலுக்கு நான் கேட்பது, பணம் யாருடையது? வரைபடவியல் கற்பித்து ஓய்வு பெற்றுவிட்டேன். வன உரிமைச் சட்ட விண்ணப்பங்களுக்காக மேற்குத் தொடர்ச்சி மலை ஊர்களில் எல்லை குறிக்கப் போகிற பிள்ளைகள் இன்னும் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களை உட்காரவைத்து முதலில் மெக்சிகோ கதையைச் சொல்வேன்.

வஹாகா மாநிலத்தின் சியெரா ஹுவாரெஸ் மலையில் சபோடெக் பழங்குடிகளின் ஊர்கள் இருக்கின்றன. 2005-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அங்கே பங்கேற்பு வரைபடம் தயாரித்தார்கள். ஓடை, ஒற்றையடிப் பாதை, ஒவ்வொரு நிலத்தின் பெயர் என்று ஊர்க்காரர்களே சொல்லச் சொல்ல, எல்லாம் ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட அமைப்பில் ஏறின. திட்டத்தின் பெயர் 'மெஹிகோ இந்திஹெனா'. லெவன்வொர்த் கோட்டையில் உள்ள அமெரிக்க ராணுவத்தின் வெளிநாட்டு ராணுவ ஆய்வு அலுவலகம் இதற்குப் பணம் கொடுத்திருந்தது. ராணுவப் பணம் என்று ஊர்களுக்குச் சொல்லவே இல்லை என 2009 ஜனவரியில் அப்பகுதி ஊர் அமைப்புகளின் கூட்டமைப்பான உனோஸ்ஹோ பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். சான் மிகேல் தில்தெபெக் ஊரும் தன் கண்டனத்தை எழுத்தில் வெளியிட்டது.

இரண்டு தரப்பையும் படித்த பிறகு என் முடிவு இது: இணையதளத்தில் நிதி தந்தவரின் சின்னம் போட்டிருந்தாலும், ஆவணத்தில் ஒரு வரி இருந்தாலும் போதாது. ஊர்ச்சபையில், அவர்கள் பேசும் மொழியில், முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தின் வழியைப் பின்தொடருங்கள்

நல்கைக் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். அப்புறம் ஒப்பந்தத்தில் 'ஒப்படைக்க வேண்டியவை' என்ற பகுதிக்குப் போங்கள். அறிக்கை மட்டும் கேட்கிறார்களா, மூலத் தரவுகளையும் கேட்கிறார்களா? 'அனைத்து இடஞ்சார் தரவுகளும்' என்ற மாதிரி ஒரு சொற்றொடர் இருந்தால் உங்கள் ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக் கோப்பு) முழுவதும் அவர்களுடையது. அதை மூன்றாம் நபருக்குக் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்றும் பாருங்கள். கருவி இரவல், இலவச சர்வர் இடம், இலவச செயற்கைக்கோள் படம் எல்லாமே நிதிதான். அவற்றுக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'மூலத் தரவு ஊர்ச்சபைக்கு உரியது, சபையின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் தரப்படாது.' மறுத்தால் அந்தப் பணம் வேண்டாம். ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

சபையில் எப்படிச் சொல்வது

தலைவர் ஒருவரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, பெண்களும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். உங்கள் ஆய்வின் பெருமையைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லுங்கள்:

"எங்களுக்குப் பணம் தருவது இன்னார். அவர்களுக்குப் பணம் தருவது இன்னார். நீங்கள் காட்டும் இடங்கள் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறியபின் நகல் எடுப்பது சுலபம், திரும்ப வாங்குவது கஷ்டம். போலீசோ ராணுவமோ கம்பெனியோ நாளைக்கு இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஆகும்? எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நீங்களே பேசி முடிவெடுங்கள்."

சொன்னபடி வெளியே போய்விடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் முகத்துக்காகவே சரி என்பார்கள். பேசியது சபைக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

எதைக் குறிக்கக் கூடாது

என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆர்வத்தில் எல்லாவற்றையும் குறித்துவிடுவார்கள். ஊற்று, மலைப்பாதை, தலைவரின் வீடு, கூட்டம் கூடும் இடம், எந்த நிலம் யாருடையது என்று தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணத் தகவல்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், முன்பின் தெரியாத ஒரு படை இரவில் அந்த ஊருக்குள் நுழையத் தேவையான அத்தனையும் அதில் இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் கேளுங்கள்: உங்கள் ஆய்வுக் கேள்விக்கு இது இல்லாமல் விடை வராதா? விடை வரும் என்றால் குறிக்காதீர்கள். உரிமை கோருவதற்குத் தேவையான எல்லையும் அடையாளங்களும் ஒரு வரைபடத்தில் இருக்கட்டும். நுணுக்கமானவை எல்லாம் காகிதத்தில் வரைந்து ஊரிலேயே இருக்கட்டும்.

தசம இடங்களையும் கவனியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் ஐந்து தசம இடம் என்றால் சுமார் 1 மீட்டர் துல்லியம், ஒரு வீட்டு வாசலையே காட்டிவிடும். மூன்று இடம் சுமார் 110 மீட்டர், இரண்டு இடம் சுமார் 1.1 கிலோமீட்டர். கட்டுரைக்கு இரண்டே போதும். புள்ளிகளைச் சற்று நகர்த்தி வெளியிடுவதானால் ஒரே ஒருமுறை நகர்த்தி அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக நகர்த்தினால், சராசரி எடுத்து உண்மையான இடத்தை நெருங்கிவிடலாம்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓர் அடுக்கை மறைத்தால் அது அழியாது. கோப்பைப் பெறுபவர் ஒரு சொடுக்கில் திறந்துவிடுவார். தேவையான அடுக்கையும் அதன் அட்டவணையில் தேவையான பத்திகளையும் மட்டும் புதுக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். கைபேசியில் படம் எடுக்கும்போது இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள். ஓட்டப் பயிற்சிச் செயலிகளும் களத்தில் வேண்டாம். அப்படி ஒரு செயலியான ஸ்ட்ராவா, பயனர்கள் ஓடிய தடங்களைத் தொகுத்து வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் யார் பெயரும் இல்லை. இருந்தும் 2018 ஜனவரியில் ஆப்கானிஸ்தான், சிரியாவில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவம் அதில் பளிச்சென்று தெரிந்தது. முகாமுக்கே அந்த நிலை என்றால் மலை ஊர் எம்மாத்திரம்!

வெளியிட்ட பின்னாலும் கவலை இருக்கிறது. பிரெஞ்சு மானுடவியலாளர் ஜார்ஜ் கொந்தோமினாஸ் 1940-களின் இறுதியில் வியட்நாமின் மத்திய மலைப்பகுதியில் சார் லுக் என்ற ஊரில் தங்கி, அங்குள்ள வாழ்க்கையை 1957-இல் பிரெஞ்சில் புத்தகமாக்கினார். அவரைக் கேட்காமலேயே அமெரிக்க அரசு அதை மொழிபெயர்த்துச் சிறப்புப் படைகளின் கையில் கொடுத்தது. ஆகவே அச்சுக்குப் போகும் பிரதியில் ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டுமா என்பதைச் சபையிடம் கேளுங்கள். மூலத் தரவைப் பொதுவில் வை என்று ஆய்விதழ் வற்புறுத்தினால், தொகுத்த அட்டவணையை மட்டும் வைத்துக் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவு ஆபத்து என்றால் வரைபடமே வேண்டாமா என்று சிலர் சோர்ந்துவிடுகிறார்கள். வேண்டும். 1972-இல் அமெரிக்க விமானங்கள் வட வியட்நாமின் செவ்வாற்று அணைக்கரைகளைக் குண்டு வீசி உடைப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பிரெஞ்சுப் புவியியலாளர் ஈவ் லகோஸ்த் நேரில் போய்க் குண்டு விழுந்த இடங்களைக் குறித்தார். கரைக்குக் கீழே தாழ்ந்த நிலத்தில் ஊர்கள் நெருக்கமாக இருக்கும் கிழக்கு டெல்டாவில்தான் அவை குவிந்திருந்தன. தற்செயலாக விழுந்தவை அல்ல என்று வாதிட அந்த வரைபடம் அவருக்கு உதவியது. அங்கே அடிபட்டவர்கள் பக்கம் நின்றது புவியியல்.

பாதி வழியில் தெரியவந்தால்

நிதியின் பின்னால் ராணுவமோ உளவுத்துறையோ இருப்பது இடையில் தெரிந்தால், அன்றே களப்பணியை நிறுத்துங்கள். ஆய்வு வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் ஊருக்கும் அதே நாளில் சொல்லுங்கள். அது அவர்கள் நிலம். தொடரலாமா, அழிக்கலாமா என்று சபை முடிவெடுக்கட்டும். அழிக்கச் சொன்னால் எந்தெந்த நகல், எந்தத் தேதியில் அழிந்தது என்று எழுதிக் கொடுங்கள். கருவியில் இருப்பது, மடிக்கணினியில் இருப்பது, கூகுள் டிரைவில் தானாக ஏறியது, உதவியாளரின் வாட்ஸ்அப்பில் கிடக்கும் படம் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். நிதி தந்தவருக்கு ஏற்கனவே அனுப்பியது எது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அதைத் திரும்பப் பெற முடியாது என்றால் அதையும் சபையிலேயே சொல்லுங்கள்.