துணைப் பயிற்சியாளராக வேண்டுமா? முதலில் ஒரு தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளராக வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பார்கள்: "நான் கல்லூரி அணியில் ஆடியதில்லை, பரவாயில்லையா?" நானும் ஆடியதில்லை. லாரன்ஸ் ஃபிராங்க்கும் ஆடியதில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் பாப் நைட்டின் அணிக்கு மாணவ மேலாளராக இருந்தவர் அவர். 2004இல் நியூ ஜெர்ஸி நெட்ஸ் என்ற தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்று முதல் 13 ஆட்டங்களையும் வென்றார். ஆடியவர்களுக்குக் கதவு சற்று முன்னதாகத் திறக்கும் என்பது உண்மைதான். மற்றவர்கள் பக்கவாட்டு வழியாக நுழைய வேண்டும்.

அந்தப் பக்கவாட்டு வழி மாணவ மேலாளர் வேலை. பெயர்தான் மேலாளர், செய்வதெல்லாம் துண்டு, தண்ணீர், தவறிய பந்தை எடுத்துப் போடுவது. முதலாண்டிலேயே சேர்ந்துவிடுங்கள். சேர்ந்ததும் மெல்ல வீடியோ அறைப் பக்கம் நகருங்கள். பயிற்சிகளையும் எதிரணி ஆட்டங்களையும் வெட்டித் தொகுக்கத் தெரிந்த மாணவனைப் பயிற்சியாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பட்டம் முடிந்ததும் முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை செய்யும் இடத்தைத் தேடுங்கள். பெரிய கல்லூரிகளில் இதைப் பட்டதாரி மேலாளர் என்றும் சிறிய கல்லூரிகளில் பட்டதாரி உதவியாளர் என்றும் சொல்வார்கள். கல்விக் கட்டணம் போக கையில் மிஞ்சுவது சொற்பம். டாம் இஸ்ஸோ 1983இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதேபோன்ற கீழ்ப்படியில், பகுதிநேர உதவியாளராக, நுழைந்தார். 1995இல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளரானார். 2000இல் தேசியக் கோப்பையையும் வென்றார். கொன்சாகா பல்கலைக்கழகத்தின் மார்க் ஃப்யூவும் அடியிலிருந்து வந்தவர்தான்: 1989இல் பட்டதாரி உதவியாளர், 1999இல் தலைமைப் பயிற்சியாளர்.

சம்பளத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். இந்தத் தொழிலில் கீழ்த்தட்டில் இருப்பவர்களை மலிவாக வைத்திருக்கும் ஆசை பழையது. 1991இல், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ ஒரு விதி கொண்டுவந்தது: டிவிஷன் ஒன்று எனும் உச்சத்தட்டு அணிகளில் ஒரு வகைத் துணைப் பயிற்சியாளருக்குக் கல்வியாண்டுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000 டாலர், அதற்கு மேல் கூடாது. பயிற்சியாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள், ஜெயித்தார்கள். 1999இல் 54.5 மில்லியன் டாலர் தந்து என்சிஏஏ சமரசம் செய்துகொண்டது. இந்தக் கதையை ஒவ்வொரு புதிய பையனிடமும் சொல்வேன். "அனுபவம்தான் சம்பளம்" என்று யாராவது தோளில் தட்டினால் அப்போது நினைவுக்கு வரட்டும்.

2023 ஜூலையில் டிவிஷன் ஒன்று அணிகளுக்குக் கூடுதலாக இரண்டு துணைப் பயிற்சியாளர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். களத்தில் பயிற்சி தரலாம், வெளியூர் போய் வீரர்களைச் சேர்க்கும் வேலை மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த இடங்கள் வந்தன. புதியவர்களுக்கு நல்ல வாசல். ஆனாலும் என் ஓட்டு டிவிஷன் இரண்டு, மூன்று, அல்லது இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிக்கு. பெரிய அணியில் நீங்கள் ஒரு வேலையை மட்டும் செய்வீர்கள். நான் தொடங்கிய டிவிஷன் இரண்டு அணியில் வேன் ஓட்டியதும், சீருடை துவைத்ததும், எதிரணி அறிக்கை எழுதியதும், மாணவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசியதும் ஒரே ஆள்தான். டிவிஷன் மூன்றில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. கையில் கொடுக்க எதுவும் இல்லாமல் ஒரு வீரரைச் சேர்க்கத் தெரிந்துகொண்டால் பிறகு எங்கும் பிழைத்துக்கொள்ளலாம்.

இனி, தொழிலின் உள்ளே. எதிரணி அறிக்கையை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். அணியின் ஆட்டங்களைத் துணைப் பயிற்சியாளர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு வந்த அணியைப் பற்றி அந்தக் கட்டடத்தில் உங்களுக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும். அவர்களுடைய சமீபத்திய ஆட்டங்களை முதலில் குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது எழுதுங்கள்: திரை போட்டால் (தடுப்பவரின் வழியைச் சக வீரர் மறித்து நின்றால்) பந்து வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போகிறார், டைம் அவுட் முடிந்து வந்ததும் என்ன ஆடுகிறார்கள், எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும்போது யாரைத் தேடுகிறார்கள், களைத்துப்போனால் யார் தடுப்பாட்டத்தில் பின்தங்குகிறார். பன்னிரண்டு பக்கம் எழுதலாம், தவறில்லை. வீரர்களிடம் ஒரே ஒரு பக்கம்தான் போக வேண்டும். இருபது வயதுப் பையன் ஆட்டத்தின் நடுவே மூன்று செய்திகளுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. தலைமைப் பயிற்சியாளர் கேட்பது வேறு. கடைசி நிமிடத்தில் உங்கள் பக்கம் திரும்பி, "இப்போது என்ன ஆடுவார்கள்?" என்பார். தாளைப் புரட்டாமல் பதில் வர வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஊகம் சொன்னால் அடுத்த முறை அவர் வேறு பக்கம் திரும்புவார்.

வீரர் சேர்ப்பில் தொலைபேசிதான் கருவி. மாணவரை எப்போது நேரில் சந்திக்கலாம், எப்போது வெறுமனே ஆட்டத்தைப் பார்க்கலாம், எப்போது கிட்டவே போகக் கூடாது என்பதற்கு என்சிஏஏவின் காலண்டர் இருக்கிறது; அதை மனப்பாடம் செய்யுங்கள். பையனோடு மட்டும் பேசாமல் அம்மாவோடும், கோடைக்கால அணியின் பயிற்சியாளரோடும் பேசுங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேதான் எடுக்கப்படுகிறது. 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, உங்கள் அணியில் ஏற்கெனவே இருப்பவர்களையும் ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆகிவிட்டதால் உரையாடல் சீக்கிரமே தொகைக்கு வந்துவிடும். தொகை பேச உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விதிமுறை அலுவலகத்தில் இருப்பவரோடும் நட்பாக இருங்கள். 2017இல் எஃப்பிஐ லஞ்ச வழக்கில் கைது செய்தவர்களில் நான்கு பேர் துணைப் பயிற்சியாளர்கள். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூட இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உங்களை வேலைக்கு எடுப்பது கல்லூரி என்று கடிதத்தில் இருக்கும். உண்மையில் எடுப்பது ஒரு மனிதர். அவரை நீக்கினால் மார்ச் மாதத்தில் நீங்களும் பெட்டி கட்டுவீர்கள். புதியவர் தன் ஆட்களோடு வருவார். ஆகவே கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன் அந்த மனிதரிடம் முன்பு வேலை செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் இருவருக்காவது போன் செய்யுங்கள். உதவியாளர்களை மேலே ஏற்றிவிடும் பழக்கம் உள்ளவரா, தோல்விக்குப் பிறகு பழியை யார் மீது போடுவார் என்று நேராகவே கேளுங்கள், சொல்வார்கள். தலைமைப் பதவிதான் முடிவு என்றும் நினைக்க வேண்டாம்: பில் கத்ரிஜ் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்துக்கு 30 ஆண்டு துணையாக இருந்தார், 1997இல்தான் தலைமைப் பயிற்சியாளரானார், மூன்றே பருவங்களில் இருமுறை அணியை ஃபைனல் ஃபோருக்கு, அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளின் சுற்றுக்கு, கொண்டுபோனார்.

ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரில்தான் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடும் நடக்கும். ஹோட்டல் முகப்புக் கூடத்தில் வேலை தேடுவோர் கூட்டம் அலைமோதும். விண்ணப்பத்தாளை நீட்டிக்கொண்டு பெரிய தலைகளின் பின்னால் ஓடாதீர்கள். உங்கள் வயதில், உங்கள் படியில் நிற்பவர்களோடு காபி குடியுங்கள். பத்தாண்டு கழித்து உங்களை அழைக்கப்போவது அவர்கள்தான்.

வேலை கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, ஊர் மாறும் செலவு யாருடையது, தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உங்கள் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் எந்தத் தேதி வரை தொடரும்.