செல் பிரிவதை நூல் துண்டுகளால் சொல்லிக்கொடுப்பது எப்படி?

நானும் முதலில் நான்கு நிலைகளின் பெயர்களைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். பையன் கடகடவென ஒப்பித்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் திருதிருவென விழித்தான். அதனால் பெயர்கள் கடைசியில் வரட்டும்.

தேவை: ஒரு பெரிய தாள், பென்சில், சிவப்பு, நீல நூல், நான்கு கிளிப். ஒவ்வொரு நிறத்திலும் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று வெட்டுங்கள். சிவப்பு அம்மாவிடமிருந்து வந்தது, நீலம் அப்பாவிடமிருந்து.

முதல் படி: தாளில் பெரிய வட்டம், அது செல். உள்ளே சின்ன வட்டம், அது உட்கரு. நான்கு நூல்களையும் அதற்குள் வையுங்கள், இவைதான் குரோமோசோம்கள், அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள். "இதை இரண்டு செல்லாகப் பிரி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை பெரும்பாலும் ஆளுக்கு இரண்டாகப் பங்குபோடும். திருத்த வேண்டாம். "மனித செல்லில் 46 இருக்கிறது. இப்படிப் பிரித்தால் 23 ஆகிவிடுமே, அடுத்த தடவை?" என்று மட்டும் கேளுங்கள். பிரிவதற்கு முன்னால் நகல் எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லும்வரை காத்திருப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

இரண்டாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறம், அதே நீளத்தில் ஜோடி வெட்டி, நடுவில் கிளிப் போடுங்கள். "இப்போது எத்தனை?" என்றால் எட்டு என்பார்கள். இல்லை, இன்னும் நான்குதான். எண்ண வேண்டியது கிளிப்பை. அந்தக் கிளிப்தான் சென்ட்ரோமியர்.

அப்புறம் உட்கரு வட்டத்தை அழித்துவிட்டு, நான்கையும் செல்லின் நடுவில் வரிசையாக நிறுத்துங்கள். செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கிளிப்புக்கும் கோடு போடுங்கள். இவை கதிர் இழைகள். இரண்டு பக்கமும் பிடி இருந்தால்தான் ஜோடி சரியாகப் பிரியும்.

இனி கிளிப்பைக் கழற்றி, இரண்டு கைகளாலும் இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு நான்கு! சுற்றி உட்கரு வட்டம் வரைந்தால் வேலை முடிந்தது. விலங்கு செல் இடுப்பில் கயிறு கட்டியதுபோல் நடுவில் இறுகிப் பிரியும். தாவர செல் குறுக்கே புதுச் சுவர் எழுப்பும்.

சரி, இப்போது பெயர்கள். நகல் எடுத்தது இடைநிலை. அதற்குப் பிறகு உட்கருவை அழித்தது புரோஃபேஸ், நடுவில் நிறுத்தியது மெட்டாஃபேஸ், இழுத்துப் பிரித்தது அனாஃபேஸ், புது உட்கரு வரைந்தது டீலோஃபேஸ். நான்கும் சேர்ந்தது மைட்டாசிஸ். 1882இல் வால்தர் ஃபிளெமிங் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'மிடோஸ்' என்றால் நூல்!

நூல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "23 குரோமோசோம் உள்ள செல்லே கிடையாதா?" என்று ஒருநாள் கேள்வி வரும். விந்துக்கும் முட்டைக்கும் அவ்வளவுதான். அவற்றை உருவாக்கும் செல் பிரிவுக்குப் பெயர் மையோசிஸ். அந்தப் பாடத்துக்கும் இதே துண்டுகள் போதும்.